அந்தக் கரையில் சோறு கிடைக்குமா

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரங்கூனில் அத்தனை வருஷம் குடியிருந்தும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். ஆனால் ருஷ்யா தேசத்தின் கிழக்குக் கோடியில், ஜப்பானைப் பார்த்தாற்போல் கிடக்கிற ஒரு கடற்கரையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். எங்கே மலை, எந்த ஆறு வடக்கே ஓடுகிறது, எந்த ஏரிக்கரையில் எந்த ஜனம் என்ன பயிர் செய்கிறது என்று, அரிசி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொல்லிவிடுவாள். அந்தக் கரையை அவள் பார்த்ததில்லை. அப்பா அங்கே இருந்தார், அல்லது இல்லை. அதுதான் எங்கள் வீட்டு விவகாரம்.

அப்பா ரங்கூன் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டினார். அரிசி மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டித் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குகிற இயந்திரம் அது. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கைக்கு அந்த வேலை மறக்காது. என்னை மேலே தூக்கி, "பாத்து, பாத்து... எறக்கு" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு, பூனைக்குட்டியை விடுவதுபோல் தரையில் விடுவார். அவர் சட்டையில் எண்ணெயும் கரியும் கலந்த ஒரு வாடை. இன்றைக்கும் ரயில் நிலையத்தில் எஞ்சின் பக்கமாக நடந்தால் எனக்குக் கண் கலங்கும். கூட வருகிறவர்கள் புகை பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அவருக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, ஆறின சோறு தொண்டையில் இறங்காது. ஆவி பறக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். இன்னொன்று, கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறோமே, இதையெல்லாம் யார் தின்கிறார்கள் என்ற குடைச்சல். சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். பெரிய யுத்தம் தொடங்கிய சமயம், ஓர் அரிசிக் கப்பலின் விஞ்சுக்காரன் படுத்த படுக்கையாகிவிட, கேட்டவுடன் இவர் ஏறிக்கொண்டார்.

"இந்த அரிசிய எல்லாம் யாருதான் திங்கிறான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

"பாத்து என்ன செய்யப் போறீக?" என்று அம்மா கேட்டாள்.

"சும்மா. பாக்கத்தான்."

கப்பல் திரும்பி வந்தது. அப்பா வரவில்லை. கூடப் போனவர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று சொல்லிவிட்டுப் போனார். விளாடிவாஸ்டாக் என்று ஓர் ஊர். அங்கே இறங்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடல் உறையப் போகிறது என்று கப்பலைக் கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் சேதி. அதற்குப் பிறகு யுத்தம் பெரிதாகி, அந்த தேசமே தலைகீழாகப் புரண்டு, யாரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள்.

அம்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. பசுண்டவுங்கில் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் எங்கள் மரவீடு. துறைமுகத்தில் வேலை பார்த்த தனி ஆட்கள் சிலருக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தாள். மாடியறையை வாடகைக்கு விட்டாள். என்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். நான் படித்து முடித்து அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டீச்சராகவும் ஆனேன். தினமும் குளித்து, மஞ்சள் பூசி, நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் அம்மா அடுப்படிக்குப் போவாள். அந்தப் பொட்டைப் பார்த்து யாரும் வாயைத் திறக்கவில்லை, கொஞ்ச காலத்துக்கு.

மாடியறைக்கு ஒரு வெள்ளைக்காரி குடிவந்தாள் என்றால் எங்கள் சந்து என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ஆரம்பம் அது. ரங்கூனில் வெள்ளைக்காரி என்றால் கோச்சு வண்டி, குடை பிடிக்க ஆள், நாய்க்கு ஓர் ஆயா. இவளோ ஒரே பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். தன் பாவாடையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டாள். சீனர்கள் நிறைந்த லத்தாவில் ஒரு சீனர் தையல் கடையில் கவுன் தைக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும். ருஷ்யாக்காரி, புரட்சிக்குத் தப்பி ஷாங்காய் போய், அங்கிருந்து எப்படியோ இங்கே வந்து சேர்ந்தவள் என்று தெரிந்தது. சந்து முழுவதும் அவளைத் துரைசாணி என்றுதான் கூப்பிட்டது. ஏழைத் துரைசாணி என்ற ஒன்றை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவளுக்குச் சீனமும் தெரியும். ஊரில் சீன வேலைக்காரர்களோடும் காய்கறிக்காரர்களோடும் பேசிப் பழகியது. வந்த புதிதில் லத்தா மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் பேரம் பேசச் சரளமாகச் சீனம் பேசியிருக்கிறாள். கடைக்காரச் சீனர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று பர்மா பாஷையில் சொன்னாராம். இவள் கற்றது வடக்கத்திச் சீனம், அவர் தெற்கு. அன்றைக்கு வீடு வந்து அதைச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அந்த நீர் நிற்கவில்லை. "அந்தப் பாஷையையாவது இங்கே பேசலாம் என்று நினைத்தேன்" என்றாள் என்னிடம்.

பொய் என்பது அவள் வாயில் வராது. அம்மாவின் கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சாப்பாடு இல்லை, நெருப்பு" என்று சொன்னாள். சொல்லிவிட்டு முழுவதையும் தின்றாள். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா இடுப்பில் புது லோன்ஜி கட்டி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, போன வாரம் கட்டியது நன்றாக இருந்தது என்றாள். மரியாதைக்குக்கூட ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்ல மாட்டாள். எனக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவள் விளாடிவாஸ்டாக்கிலிருந்து வந்தவள் என்று தெரிந்த அன்றைக்கு, அம்மா அடுப்பில் உலையைக் கொதிக்க விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். கரண்டி கையிலேயே இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன், இங்கிலீஷில் சொல்ல ஆள் வேண்டுமே.

"கேளு புள்ள. கறுப்பா, ஒசரமா ஒரு ஆளு. எடது புருவத்துல வெட்டுத் தழும்பு. அந்த ஊரு ஆஸ்பத்திரியில பாத்தாளா கேளு."

கேட்டேன். துரைசாணி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "இல்லை. பார்த்ததில்லை" என்றாள். இருக்கலாம் என்றோ, ஞாபகமில்லை என்றோ ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அம்மா கரண்டியைப் பார்த்தாள். அடுத்த கேள்வி இதுதான்: "அங்க சோறு கெடைக்குமா?"

கிடைக்கும் என்றாள் துரைசாணி. ஆறின சோறு அவருக்கு இறங்காது என்று அம்மா அதையும் என்னைச் சொல்ல வைத்தாள். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் வீட்டு பூகோள வகுப்பு.

சாயங்காலங்களில் அம்மா முறத்தில் அரிசி கொட்டிக் கல் பொறுக்குவாள். துரைசாணி கையில் ஏதாவது தையலோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒருநாள் விளக்கிச் சொல்ல வார்த்தை போதாமல், முறத்து அரிசியை விரலால் ஒதுக்கி அவள் ஊரை வரைந்துவிட்டாள். இந்தப் பக்கம் கடல். கரையை ஒட்டியே நீளமாக மலை, முழுவதும் காடு. மலைக்கு அந்தப் பக்கம் உசூரி என்று ஓர் ஆறு, வடக்கே போய்ப் பெரிய ஆற்றில் விழுகிறது. தெற்கே ஒரு வளைகுடாவைச் சுற்றி மேடும் பள்ளமுமாக அந்த ஊர். தெருவெல்லாம் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏற வேண்டும். அதற்கு வடக்கே ஹன்கா என்று ஒரு பெரிய ஏரி. முக்கால் ஏரி இவர்களுக்கு, மீதி சீனாவுக்கு.

"ஜனங்க?" என்றாள் அம்மா. அப்பாவின் கேள்வி அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அம்மா அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். துரைசாணி தன் ஆட்களுக்கு உளுத்தம்பருப்பை எடுத்தாள். அவளுடைய அப்பா அம்மாவே அந்த ஊர்க்காரர்கள் இல்லையாம். மேற்கே உக்ரைன் பக்கத்துக் குடியானவர்கள். கருங்கடலில் கப்பலேறி, சூயஸ், கொழும்பு, சிங்கப்பூர் என்று உலகத்தையே சுற்றிக்கொண்டு வந்து, ஏரிப் பக்கம் ஒரு கிராமத்தில் வெள்ளையடித்த மண்வீடு கட்டிக் குடியேறியவர்கள். "கொழும்புல எங்க அம்மா எளநீ குடிச்சா, சாகுற வரை அதப் பத்தியே பேசினா" என்பாள் பின்னாளில், தமிழ் வந்த பிறகு. சீனர்களுக்குக் கடுகு. அவர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள்: கடை, கட்டட வேலை, காட்டில் மருந்து வேர் தோண்டுவது. கடலோரம் ஓர் இடத்தில் எஸ்டோனியாக்காரர் என்று மீன் பிடிக்கிறவர்கள், நாலைந்து வெந்தயம். ஊருக்குள் முடிவெட்டவும் படம் பிடிக்கவும் ஜப்பான்காரர்கள், கொஞ்சம் சீரகம். மலைக்காட்டில் ஆற்றோரமாக அந்த மண்ணுக்கே சொந்தக்காரர்கள். மீன்தோலில் சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிற ஜனம். அவர்களுக்கு ரொம்பக் கொஞ்சமாகக் கசகசா வைத்தாள். மற்றவர்கள் எல்லாரும் நேற்று வந்தவர்கள் என்றாள்.

"நம்ம ரங்கூன் மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மா. தெலுங்கர், சீனர், வங்காளி, நாங்கள் என்று ஆளாளுக்கு ஒரு கரையிலிருந்து வந்து, பர்மாக்காரர் ஊரில் அடைந்து கிடக்கிறோமே, அதைச் சொன்னாள்.

கொரியாக்காரர்களுக்குத் துவரம்பருப்பு. தெற்கிலும் ஏரிப் பக்கமும் தாராளமாகப் போட்டாள். அவர்கள்தான் அங்கே நெல் விளைவிக்கிறவர்கள், ருஷ்யாக்காரர்கள் செய்ய முடியாது என்று விட்ட சேற்றில் வயல் கட்டியவர்கள் என்றாள். ஆணும் பெண்ணும் வெள்ளைத்துணிதான் உடுத்துவார்களாம்.

அம்மா பதறிவிட்டாள். "அய்யய்யோ, பொம்பளைங்க அத்தனை பேரும் தாலியறுத்தவளுகளா?"

நான் மொழிபெயர்த்ததும் துரைசாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இல்லை, கல்யாணம் ஆனவள், ஆகாதவள் எல்லாரும் அப்படித்தான் என்றாள். அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு மிளகை எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரலிலேயே வைத்திருந்தாள். துரைசாணி வளைகுடாவுக்கு மேலே ஓர் இடத்தைக் காட்டினாள், ஆஸ்பத்திரி அங்கேதான். அம்மா மிளகை அங்கே வைத்தாள்.

அதற்குப் பிறகு முறத்தில் எந்நாளும் ஒரு மிளகு கிடந்தது. சமைக்கும்போது எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மறுநாள் கல் பொறுக்க உட்காரும்போது மறக்காமல் போடுவாள். சில நாள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். மலையை ஒதுக்கி, ஆற்றைக் கீறி, மிளகைக் கொஞ்சம் நகர்த்துவாள். ஏரியில் கோடைகாலத்தில் தாமரை பூக்கும் என்று துரைசாணி ஒருநாள் சொல்லப்போக, அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "தாமரைக் கொளம் இருந்தாக் கோயில் இல்லாமலா போகும்? அவுக அங்கதான் போயிருப்பாக" என்றாள். கோயில் கிடையாது, அது வெறும் ஏரி என்று துரைசாணி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அம்மா காதில் விழவேயில்லை. மிளகு ஆஸ்பத்திரியை விட்டு ஏரிக்கரைக்குப் போய், துவரம்பருப்புகளுக்கு நடுவே குடியேறியது. அங்கே நெல்லும் இருந்தது அல்லவா.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்கள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது யார் என்று கேட்டார்கள். அப்பா உண்டா இல்லையா, அம்மா மணையில் முன்னால் நிற்கப்போகிறாளா பின்னால் நிற்கப்போகிறாளா, அது தெரியாமல் முகூர்த்தம் வைக்க முடியாது என்றார்கள். நியாயமாகத்தான் கேட்டார்கள். அந்த நியாயம்தான் எனக்குக் கசந்தது.

சித்தப்பா அப்போதுதான் வாய் திறந்தார். அப்பாவின் ஒரே தம்பி. ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் நெல்லும் மாடுமாக இருந்தார். எங்களுக்கு அரிசி மூட்டை அனுப்பாத மாதம் கிடையாது. காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷம், ஒரு வியாழவட்டம், திரும்பி வராவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஆள்போல் ஓர் உருவம் கட்டி, அதைச் சுட்டு, கருமாதி செய்துவிட வேண்டும் என்பது எங்களவர் வழக்கம். அந்த வியாழவட்டம் முடிந்துவிட்டது.

"தை மாசம் செஞ்சிருவோம் மதினி" என்றார்.

"தை மாசம் அங்க கடல் கட்டியாக் கெடக்கும் தம்பி. ஒருவேளை கெளம்பி வர நெனச்சாலும் கப்பல் எப்படி வரும்? பங்குனி போகட்டும், உருகட்டும்."

பனியை உடைத்துக்கொண்டு போகிற கப்பலும் அங்கே உண்டு என்று துரைசாணி சொல்லியிருந்தாள். அந்தப் பாதியை அம்மா வசதியாக மறந்துவிட்டாள். பங்குனி போனது. அப்போது கடலில் மூடுபனியாம், கரை தெரியாமல் கப்பல் நிற்குமாம். ஆவணியில் அங்கேயும் நம் பக்கம்போலப் பேய்மழையும் புயலும். எல்லாம் துரைசாணி சொன்ன நிஜங்கள்தான். ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு மாதத்துக்கும் அணை கட்டினாள் அம்மா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவருக்காக நான் கன்னியாகவே கிழவியாக வேண்டுமா என்று ஒருநாள் கத்திவிட்டேன். அம்மா அடுப்படிக்குப் போனாள். எனக்கு மட்டும் ஓர் அப்பளம் கூடுதலாகப் பொரித்து வைத்தாள்.

ஆனால் சித்தப்பா ஒருநாள் இப்படிச் சொன்னார். "மதினி, நான் ஒங்க பொட்ட அழிக்க வரல. எங்கண்ணன் அங்க பனியில, ஒரு வாய்த் தண்ணி எறைக்க ஆளில்லாம அலையுதே, அத என்னால தாங்க முடியல." அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு, "நாள் பாருங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் துரைசாணி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் அவளுக்குத் தமிழ் ஓரளவு வந்துவிட்டது. அம்மாவை அக்கா என்பாள். அம்மா அவளை நீ என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தாளோ தெரியாது. மாடியில் துரைசாணி தன் சாமி படத்துக்கு ஒரு விளக்கு வைத்திருந்தாள். அதற்கு எண்ணெய் அம்மாதான் கொடுப்பாள்.

"அக்கா, என் புருசனுக்குக் குழி நான் பாத்தேன்" என்றாள். "மண்ணு கல்லு மாதிரி இருந்திச்சு. தீ போட்டு, மண்ண எளக்கி, அப்புறம் வெட்டினாங்க. நானும் மண்ணு போட்டேன். இப்ப கண்ண மூடினா அந்தக் குழி மட்டும்தான் தெரியுது. அவரு மொகம் தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ குழி பாக்கல. அது நல்லது. ஒனக்கு மொகம் இருக்கு."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் தொட்டுக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சடங்கு நாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. கூடத்தில் வாழையிலை விரித்து, அதன்மேல் தர்ப்பை உருவத்தைக் கிடத்தியிருந்தார் ஐயர். பச்சைப் புல்லை முடிந்து தலை, கை, கால். ஆளைவிடச் சின்னது. அப்பாவை இவ்வளவு சின்னதாகக் கட்டிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். அவர் திரும்பிவர வேண்டும் என்று நானும் இத்தனை காலம் ஏங்கியிருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. மூலையில் பெண்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பொட்டை அழிக்கவும் வளையலை உடைக்கவும் வந்தவர்கள். துரைசாணி மாடிப்படியின் கீழ்ப்படியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நெற்றியில் என்றைக்கும்விடப் பெரிய பொட்டு. கைநிறைய வளையல்.

"நிறுத்துங்க. அவுக சாகல" என்றாள்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். சித்தப்பா, "மதினி, வேணாம்..." என்று எழுந்தார்.

"சாகல தம்பி. அங்க ஒருத்தியச் சேத்துக்கிட்டு இருக்காக. கொரியாக்காரி. ஏரிக்கரையில நெல்லு போட்டுப் பொழைக்கிறாக. திரும்பி வரமாட்டாக."

மூலைப் பெண்களிடமிருந்து ஒரு 'ச்சு' கிளம்பியது. ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தாலியறுத்தவளுக்காவது ஒரு கௌரவம் உண்டு. கட்டினவன் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனவள் என்றால் எங்கள் ஜனத்தில் அவளுக்கு வாழாவெட்டி என்று பேர். அந்தப் பேரை அம்மா எல்லார் முன்னாலும் தன் கையால் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றார் சித்தப்பா.

அம்மா படியைக் காட்டினாள். "கண்ணால பாத்தவ அங்க ஒக்காந்திருக்கா."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"அவ சொன்னா. நான்தான் மூடி வச்சேன். எந்தப் பொம்பள இத வெளிய சொல்லுவா தம்பி?"

எல்லா முகமும் துரைசாணி பக்கம் திரும்பியது. அவளிடம் அம்மா முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை, அது அவள் முகத்திலேயே தெரிந்தது. கடுகளவுகூடக் கூட்டிச் சொல்லத் தெரியாதவள். போன வாரத்து லோன்ஜிதான் நன்றாக இருந்தது என்று முகத்துக்கு நேரே சொன்னவள். இல்லை என்று இவள் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு இரண்டு பட்டமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், பொய்க்காரி, தாலியறுத்தவள்.

துரைசாணி எழுந்து நின்றாள். தன் வழக்கப்படி நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தேன்" என்றாள். "ஏரிக்கரையில. கறுப்பு, ஒசரம்." தன் இடது புருவத்தைத் தொட்டாள். "இங்க தழும்பு. வயல்ல வேல செய்றாரு. கொரியாப் பொம்பள, வெள்ளத் துணி. நான் பாத்தேன்."

வெள்ளைக்காரி சாட்சி சொன்னால் அதற்கு மேல் அந்தக் காலத்தில் அப்பீல் கிடையாது. சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "படுபாவி" என்றார். "படுபாவி, கெட்டின பொண்டாட்டி இங்க இருக்க..." அதற்குமேல் திட்ட வரவில்லை. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். போகும்போது அந்தத் தர்ப்பையைத் தானே எடுத்து, முடிச்சை எல்லாம் அவிழ்த்து, வெறும் புல்லாக்கி வெளியே மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

இன்சீன் சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. ஓடிப்போனவன் மகளை எப்படி எடுப்பது என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். பின்னால் எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. சித்தப்பாதான் தாரை வார்த்தார். அம்மா மணையின் முன்னாலும் நிற்கவில்லை, பின்னாலும் நிற்கவில்லை, அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். துரைசாணி எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு, மறுவருஷம் யாரோ உறவுக்காரர் இருக்கிறார் என்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். நானும் இப்போது ரங்கூனில் இல்லை. அந்த வீடும் இல்லை. அப்பா என்ன ஆனார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனால் நான் நினைத்து நினைத்து ஏங்குவது அந்தச் சடங்கு நாளின் சாயங்காலத்துக்காகத்தான். எல்லாரும் போய்விட்டார்கள். ஆலைச் சங்கு ஊதி முடிந்திருந்தது. மறுநாள் சமையலுக்கு அம்மா எப்போதும்போல முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கினாள். துரைசாணி பக்கத்தில் ஒரு கவுனுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாசற்படியில் பிள்ளைகளின் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு, காதை மட்டும் உள்ளே வைத்திருந்தேன்.

அம்மா அரிசியை விரலால் ஒதுக்கினாள். மலை, ஆறு, ஏரி. மிளகை எடுத்து ஏரிக்கரையில் வைத்தாள். அதன் பக்கத்தில், தேடி எடுத்து, ஒரு துவரம்பருப்பை வைத்தாள். அது, தான் காலையில் கட்டிய கதை என்பது அவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும், துரைசாணிக்கும் தெரியும்.

"துரைசாணி" என்றாள், தலை நிமிராமல்.

"சொல்லு அக்கா."

"அவ நல்லவளா?"

துரைசாணியின் ஊசி நின்றது. முதன்முதலில் அப்பாவைப் பார்த்தாயா என்று கேட்டபோது எவ்வளவு நேரம் யோசித்தாளோ, அவ்வளவு நேரம் யோசித்தாள்.

"நல்லவ அக்கா" என்றாள். "சோறு சூடாத்தான் போடுறா."